ஆளில்லா நிலமும் அறுநூறு மில்லிமீற்றர் லென்ஸும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதிய செரெங்கெட்டிப் பயணக் கட்டுரையும் அவர் எடுத்த பதினொரு படங்களும் வந்திருந்தன. இதழ் கைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் றெஸ்ரோறன்றில் மூச்சு விட நேரமில்லை. எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது என்று பையிலேயே வைத்திருந்து, இரவு ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் பிரித்தேன். படங்கள் அழகு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்கிளையில் நாலு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் அந்தச் சிறுத்தையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு யாரும் 'இவனுக்கு எரிச்சல்' என்று சொல்லக்கூடாது. எரிச்சல் இருக்கிறதுதான். ஆனால் அது படங்களோடு அல்ல, படங்களுக்குக் கீழே நண்பர் எழுதியிருக்கும் வரிகளோடு.

'மனிதக் காலடி படாத மண்.' 'படைப்பின் முதல்நாள் போலவே கிடக்கிறது.' இன்னொன்று: 'இந்த வெளியில் நின்றபோதுதான் ஊர் இழந்த வலி எனக்கு ஆறியது.'

பதினொரு படத்திலும் ஒரு மனிதர் இல்லை. ஒரு மாடு இல்லை. ஒரு குடிசை, ஒரு புகை இல்லை. இது தற்செயல் அல்ல. அறுநூறு மில்லிமீற்றர் லென்ஸ் தூரத்தில் உள்ள சிங்கத்தைக் கிட்டக் கொண்டுவருகிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அது சிங்கத்தைச் சுற்றி நிற்கும் இருபது ஜீப்புகளையும் வெட்டிவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஆனால் ஜீப்புகளை மட்டும் வெட்டினால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஊரை இழந்த ஒருவர், ஊரை இழந்த வேறு சிலரின் ஊரில் போய் நின்று, 'இங்கே ஒருவரும் இருந்ததில்லை' என்று எழுதுகிறார். அதை அகதிகளின் இதழ் ஒன்று வழுவழுத் தாளில் அச்சிடுகிறது. இதைச் சும்மா விட முடியவில்லை.

நான் ஆபிரிக்கா போனதில்லை. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டவன். பதினைந்து வருடமாகப் பிராங்பேர்ட்டில் கோப்பை கழுவி, பிறகு சலாட் வெட்டி, இப்போது அடுப்படிக்கு உயர்ந்திருப்பவன். அந்த இரண்டு வருடத்தில் படித்ததும் நகர நூலகத்தில் வாசித்ததும் குசினியில் கேட்டதும்தான் என் தகுதி.

முதலில் பெயரைப் பார்ப்போம். செரெங்கெட்டி என்பது மாசாய் மொழியின் 'சிரிங்கெற்' என்ற சொல்லிலிருந்து வந்தது. முடிவில்லாமல் விரியும் வெளி என்று பொருள். பக்கத்திலிருக்கும் ங்கொரொங்கோரோ என்ற பெயர் மாட்டின் கழுத்து மணியோசையிலிருந்து வந்தது என்பார்கள். மனிதக் காலடி படாத மண்ணில் மாட்டுக்கு மணி கட்டியது யார், நண்பரே?

இனி, 'படைப்பின் முதல்நாள்' எப்போது என்று பார்ப்போம். அதற்கு ஒரு காலம் உண்டு, கிட்டத்தட்ட 1890. ரிண்டர்பெஸ்ற் என்ற மாட்டுக் கொள்ளைநோய், ஐரோப்பியப் படையெடுப்போடு வந்த மாடுகள் வழியாக ஆபிரிக்காவின் கொம்புக்குள் புகுந்து, இரண்டு மூன்று வருடத்தில் கிழக்கு ஆபிரிக்காவின் மந்தைகளைத் துடைத்துவிட்டது. பத்தில் ஒன்பது மாடுகள் செத்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். மாடே உயிராக இருந்த மாசாய்கள் பட்டினியில் விழுந்தார்கள், கூடவே அம்மையும் வந்தது. 1892இல் அந்த வழியாகப் போன ஒஸ்கார் பௌமான் என்ற ஒஸ்ரியப் பயணி, எலும்புக்கூடுகளாய்த் தன் முகாமுக்குப் பிச்சை கேட்டு வந்தவர்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ஆள் குறைந்தது, மாடு குறைந்தது, தீ வைத்துப் புல்லைப் புதுப்பிக்க எவரும் இல்லை. பல இடங்களில் பற்றைக்காடு ஏறியது, அதோடு செற்சி ஈயும் வந்தது. அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் கண்டது இந்த வெறுமையைத்தான். ஒரு பேரழிவின் மிச்சத்தைப் பார்த்து ஆதிகாலம் என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அந்தப் பெயரை வாங்கிப் படத்துக்குக் கீழே போடுகிறோம்.

விலங்கியல் மாணவனாக எனக்கு மிகவும் பிடித்த கதை இதற்கு அடுத்ததுதான். அதே நோய் வில்டபீஸ்ற்றுகளையும் கொன்றுகொண்டிருந்தது. குட்டிகள் முதல் வருடத்திலேயே சாகும். 1950களில் அந்தப் பகுதி மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். கவனியுங்கள், மாடுகளுக்கு, வில்டபீஸ்ற்றுக்கு அல்ல. மாட்டிலிருந்து நோய் ஒழிந்ததும் காட்டிலிருந்தும் ஒழிந்தது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை இலட்சமாக இருந்த வில்டபீஸ்ற்றுகள் 1970களின் கடைசியில் பதின்மூன்று இலட்சமாகின. நண்பரின் நடுப்பக்கப் படத்தில் அடிவானம் வரைக்கும் கறுப்பாகத் தெரியும் அந்தப் பெரும் மந்தை, மேய்ப்பர்களின் மாட்டுக்கு ஊசி போட்டதால் பெருகிய மந்தை.

புல்லும் அப்படித்தான். 2018இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. தென்மேற்குக் கென்யாவில், ஆயிரத்தைந்நூறு தொடக்கம் மூவாயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன்னர் மேய்ப்பர்கள் இரவில் மாடும் ஆடும் அடைத்த பட்டிகளின் மண்ணைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டிச் சாணத்தின் சத்து இன்னும் அந்த மண்ணில் இருக்கிறது. அந்த இடங்களில் மரம் குறைவு, புல் செழிப்பு. புல்லைத் தேடிக் காட்டு விலங்குகள் வருகின்றன. காலடி படாத மண்ணாம்! மூவாயிரம் வருடச் சாணி படிந்த மண் ஐயா அது.

இப்போது நான் வாழும் நகரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பொய்யின் பெரும் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. பிராங்பேர்ட் மிருகக்காட்சிசாலையை 1945 முதல் 1974 வரை நடத்தியவர் பேர்ண்கார்ட் க்ஷிமெக். அவரும் மகன் மிக்கையிலும் வரிக்குதிரை போலக் கோடு கீறிய சிறு விமானத்தில் செரெங்கெட்டிக்கு மேலே பறந்து மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் பறந்துகொண்டிருந்த விமானத்தில் ஒரு பிணந்தின்னிக் கழுகு மோதி மகன் இறந்துபோனார். அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. அந்தத் தகப்பனின் துயரத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அவர்கள் எடுத்த 'செரெங்கெட்டி சாகக்கூடாது' என்ற படம் ஒஸ்கார் வாங்கி, உலகம் முழுக்க ஓடி, ஒரு கருத்தைச் சனங்களின் தலைக்குள் இறக்கியது: தேசியப் பூங்கா என்றால் அதற்குள் மனிதர் குடியிருக்கக்கூடாது, அந்த மண்ணின் மனிதரும்கூட. படம் வந்த அதே 1959இல்தான் மாசாய்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முதல் வருடம், அதாவது 1958இல், அவர்களின் பெரியவர்கள் சிலரிடம் உரிமையைக் கைவிடுவதாகக் கைச்சாத்து வாங்கப்பட்டிருந்தது. பதிலுக்கு ங்கொரொங்கோரோ அவர்களுக்கு என்றார்கள். அங்கே மனிதர் நலனும் விலங்கு நலனும் மோதினால் மனிதர் நலனே முன் என்று பிரித்தானிய ஆளுநர் நேரில் வாக்குக் கொடுத்தார்.

வாக்கு எப்படிப் போனது? 1974இல் பள்ளத்தாக்கின் அடியில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1975இல் பயிர் செய்யத் தடை வந்தது. 2022 ஜூனில் பக்கத்து லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றருக்கு எல்லைக்கல் நடப் பொலிஸ் வந்தது. கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு. அம்பு பட்டு ஒரு பொலிஸ்காரரும் இறந்தார். காயப்பட்டவர்கள் எல்லை கடந்து கென்யாவுக்குள் ஓடினார்கள். (எல்லை கடந்து ஓடுவது என்றால் என்னவென்று இந்த இதழின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.) அந்த நிலத்தில் 1992 முதல் வேட்டை உரிமை வைத்திருப்பது எமிரேற்ஸ் அரச குடும்பத்தோடு தொடர்புள்ள ஒரு கொம்பனி. மாடு மேய்ந்தால் இயற்கைக்கு ஆபத்து, துவக்கோடு வந்தால் ஆபத்தில்லை! அதே 2022இலிருந்து ங்கொரொங்கோரோக்காரரைப் பல நூறு கிலோமீற்றர் தள்ளி ஹண்டேனியில் ம்சொமேரா என்ற இடத்துக்கு மாற்றுகிறார்கள். 'விருப்பத்தின் பேரில்' என்கிறது அரசு. ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் கவனிக்காமல் விட்டுவிட்டு விருப்பம் கேட்கிறார்கள் என்கிறார்கள் அங்குள்ளவர்கள். 2024 ஆகஸ்ற்றில் ஆயிரக்கணக்கானோர் சிவப்புச் சால்வையோடு தெருவில் இறங்கி, சுற்றுலா வண்டிகள் போகும் பாதையை மறித்தார்கள். அந்தப் பாதையில்தான் நண்பரின் ஜீப்பும் போயிருக்கும்.

எங்கள் குசினியில் அருஷாக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை 'ம்ஸே' என்று கூப்பிடுவேன். சுவாஹிலியில் பெரியவர் என்று அர்த்தம். ஜேர்மனிக்கு வருமுன் நாலு வருடம் ஒரு சபாரி விடுதியின் குசினியில் இருந்தவர். எந்த விடுதி என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி முட்டை அவித்து, பாணுக்குள் வைத்து, பெட்டி கட்ட வேண்டும். சிங்கம் பார்க்கப் போகிறவர்கள் ஐந்தரைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். இந்த இதழின் படங்களை அவருக்குக் காட்டினேன். சிறுத்தைப் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தான் நாலு வருடத்தில் ஒருமுறையும் சிறுத்தையைக் கண்டதில்லை என்றார். கண்டுவிட்டு வந்தவர்களின் கோப்பைகளைத்தான் கழுவியிருக்கிறார். வேலையாட்களின் இருப்பிடம் மேட்டுக்குப் பின்னால், மரங்களுக்கு மறைவில் இருந்ததாம். 'ஏன்?' என்று கேட்டேன். 'விருந்தினரின் படத்தில் விழக்கூடாது' என்று சிரித்தார். எங்கள் சாப்பாட்டு மண்டபத்தின் சுவரிலும் முதலாளி ஒரு பெரிய யானைப் படம் மாட்டியிருக்கிறார். நானும் ம்ஸேயும் நிற்கும் குசினி அதே சுவருக்குப் பின்னால்தான்.

கமராவுக்கும் துவக்குக்கும் உள்ள உறவு பழையது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற 'பெரிய ஐந்து' பட்டியலைப் போட்டவர்கள் வேட்டைக்காரர்கள். நடந்து போய்ச் சுடுவதற்கு ஆபத்தான ஐந்து அவை. இன்று பயண முகவரின் விளம்பரத்தில் அதே பட்டியல், அதே ஒழுங்கு. இரவில் மின்னல் விளக்குப் போட்டு ஆபிரிக்க விலங்குகளைப் படமெடுத்துப் பெயர் பெற்ற ஷில்லிங்ஸ் என்ற ஜேர்மன்காரர் 1905இல் ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பிலேயே விளக்கும் துவக்கும் சேர்ந்து நிற்கின்றன. கழுதையைக் கட்டிவைத்துச் சிங்கத்தை வரவழைத்து எடுத்த படங்கள்! பார்த்தவர்கள் அதையும் 'காடு உள்ளபடி' என்றுதான் நம்பினார்கள். 1994இல் டிஸ்னியின் 'லயன் கிங்' வந்தது. முழுப்படத்திலும் ஒரு மனிதர்கூட இல்லை. என் அக்காவின் பிள்ளைகள் அந்தப் படத்தில்தான் ஆபிரிக்காவை அறிந்தார்கள்.

இதைத் தன்சானியாவின் தனிக்கதை என்று ஒதுக்க முடியாது. தென்னாபிரிக்காவின் குறூகர் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். 1902இல் அங்கே காவலராக வந்த ஸ்ரீவன்சன்-ஹமில்ரனுக்கு அந்த மண்ணின் சனங்கள் வைத்த பெயர் 'ஸ்குகூஸா'. துடைத்துக் கூட்டுகிறவன் என்று பொருள், துடைக்கப்பட்டது அவர்களேதான். இன்று பூங்காவின் மிகப் பெரிய முகாமுக்கு அதுதான் பெயர். விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்தப் பெயர் அச்சிட்ட ரீசேர்ட் வாங்கி வருகிறார்கள். வடக்கே பஃபூரியில் மக்குலேக்கே மக்கள் 1969இல் தங்கள் வீடுகளைத் தாங்களே கொளுத்த வைக்கப்பட்டு ஏற்றப்பட்டார்கள். ஆனால் அவர்கள் வழக்காடி 1998இல் நிலத்தைத் திரும்ப வாங்கினார்கள், இருபத்துநாலாயிரம் ஹெக்ரேயர். வாங்கிவிட்டு மரத்தை வெட்டினார்களா, யானையைச் சுட்டார்களா? இல்லை. அதைக் காடாகவே வைத்துக்கொண்டு விடுதி நடத்த விட்டு வருமானம் எடுக்கிறார்கள். உறுதி யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நண்பர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'நாங்கள் கொடுக்கும் காசு இல்லையென்றால் அந்த மிருகங்கள் எப்போதோ அழிந்திருக்கும்.' இதில் பாதி உண்மை இருக்கிறது. கென்யாவில் 1977க்கும் 2016க்கும் இடையில் காட்டு விலங்குகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. கம்பிவேலியும் கோதுமை வயலும் பெருகும் மந்தைகளும் அதற்குக் காரணம். மேய்ப்பர்கள் எல்லாரும் முனிவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மற்றப் பாதியையும் கேளுங்கள். தன்சானியாவின் யானைகள் 2009இல் ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம். 2014இல் நாற்பத்து மூவாயிரம். ஐந்து வருடத்தில் அறுபது வீதம் கொல்லப்பட்டன. எங்கே அதிகம் விழுந்தன? செலூஸில். மாசாய் மாடு மேய்க்கிற இடத்தில் அல்ல, குடியிருப்பே இல்லாத பெருங்காட்டில். பார்க்க ஆளில்லாத இடம் கள்ளவேட்டைக்காரனுக்கு வசதி. மேலும், விடுதிக்காரர் ஒரு இரவுக்கு வாங்கும் காசில் ம்ஸேயின் கைக்கு எவ்வளவு வந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

இனி எங்கள் பக்கம். சொல்லாமல் விட்டால் நான் கள்ளன்.

1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விரட்டினார்கள். மன்னாரில் வில்பத்துவை ஒட்டிய முசலிப் பக்க ஊர்களும் வெறுமையாகின. இருபது வருடத்தில் வீடுகளுக்குள் காடு ஏறியது. 2012இல் அரசு அந்த நிலங்களில் ஒரு பகுதியை ஒதுக்குக் காடு என்று வர்த்தமானியில் போட்டது. சனங்கள் திரும்பி வந்து பற்றையை வெட்டியபோது, 2015இல், 'வில்பத்துவை அழிக்கிறார்கள்' என்று கொழும்பில் பெரும் கூச்சல். மானும் மயிலும் சிறுத்தையுமாகப் படங்கள் பறந்தன. 2017இல் இன்னொரு வர்த்தமானி. 2015இல் முகநூலில் அந்தச் சிறுத்தைப் படங்களில் ஒன்றை நானும் பகிர்ந்தேன். 'காட்டைக் காப்போம்' என்று எழுதியும் விட்டேன். விலங்கியல் படித்தவனல்லவா! அந்தக் காட்டுக்குக் கீழே கிணறும் பள்ளிவாசலும் இருந்தன என்பது எனக்குத் தெரியாததல்ல. படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கு. அதே 1990இல் வெளியேறியபோது எனக்கு இரண்டு வயது. 2017இல் ஒரு துண்டை விட்டார்கள். அக்கா போய்ப் பார்த்து ஒரு படம் அனுப்பினாள். கூரையில்லாத வீடு, உள்ளே வேம்பு, கிணற்றுக்கட்டில் தோகையோடு ஒரு மயில். காலை வெயிலில் எடுத்தது. 'நல்ல படமடி' என்று எழுதினேன். அவள் பதிலுக்கு எழுதினாள்: 'கிணத்துக்கை என்ன கிடக்கெண்டு தெரியுமோடா உனக்கு?' அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த ஆளில்லாப் படங்களைக் கண்டால் ஒரு மாதிரி வரத் தொடங்கியது.

நண்பர் மறுபடியும் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போகட்டும். படமும் எடுக்கட்டும். ஆசிரியரிடம்தான் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இப்படிப் படம் போட்டால் கீழே லென்ஸின் அளவையும் நேரத்தையும் போடுவது போல, 'இவ்விடத்திலிருந்து மாசாய்கள் 1959இல் வெளியேற்றப்பட்டார்கள்' என்று ஒரு வரி போடுங்கள். 'காலடி படாத' என்ற சொல்லை வெட்டுங்கள். எங்கள் ஊரைப் பற்றி ஒரு சிங்களப் பயணி அப்படி எழுதினால் இந்த இதழில் எத்தனை பக்கம் எதிர்ப்பு வரும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

நண்பரிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஒன்பதாவது படத்தில் இரண்டு பெண்சிங்கங்கள் படுத்திருக்கின்றன. சுற்றிவரப் புல் காய்ந்து மஞ்சளாக இருக்க, அவை படுத்திருக்கும் இடம் மட்டும் வட்டமாகப் பச்சையாக இருக்கிறது. ம்ஸேக்குக் காட்டினேன், பழைய மாட்டுப் பட்டியாக இருக்கலாம் என்றார், உறுதியாகச் சொல்ல மாட்டார். படம் எடுத்த இடம் எது, உங்கள் வழிகாட்டி அதைப் பற்றி ஏதும் சொன்னாரா, நீங்கள் கேட்டீர்களா? அடுத்த இதழில் எழுதுங்கள். எனக்குத் திங்கட்கிழமை லீவு, வாசிக்க நேரம் இருக்கும்.